ஏத்து என்று சொல்லும் வரை

விடிந்ததும் சந்தனமாரிக்கு முதலில் தெரிந்தது இடது தோள் வலிதான். கழுத்தடியில் பிடித்து, தோள்பட்டை மேல் தட்டையாகப் பரவி, முழங்கைக்கு நாலு விரற்கடை முன்னால் நின்றுவிடுகிற வலி. கண்ணைத் திறக்காமலே அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தலையணைக்கு அடியில் கைவிட்டு நோட்டை எடுத்தாள். முகம் கழுவுவதற்கு முன்னால், காபிக்கு முன்னால், யாரிடமும் வாய் திறப்பதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். அதுதான் விதி.

‘பதினாறாம் வாரம். இடது தோள். சுமை வலி. குத்தல் இல்லை, எரிச்சல் இல்லை. பத்துக்கு ஆறு.’

எழுதி மூடி வைத்தாள். முந்தின நாள் ராயப்பன் என்கிற மனிதருக்கு எதிரே ஐம்பது நிமிடம் உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வந்தது அது. இரண்டு நாள் இருக்கும், மூன்றாம் நாள் இறங்கிவிடும். அதற்கு எச்சம் என்று பெயர். மாணவர் விடுதியின் நாற்பது அறைகளிலும் அந்நேரத்துக்கு நாற்பது பேர், அடுத்தவர் உடம்பில் இருந்ததைத் தங்கள் உடம்பில் தேடி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் தட்டாமல் ஹரிணி உள்ளே வந்தாள். இருபத்து நான்கு வயது, சென்னையில் நல்ல வசதியான வீட்டுப் பெண்.

“அக்கா, எனக்கு இங்க என்னவோ பண்ணுது. என்ன எழுதறதுன்னே தெரியல.” இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினாள்.

“பண்ணுதுன்னா? குத்துதா, இழுக்குதா?”

“வலிக்குது.”

“ஏட்டி, வலிக்குதுன்னு எழுதுறதுக்கா அஞ்சு வருசம் படிக்க? திரும்பு.” மாரி இரண்டு விரலால் அழுத்தினாள். “குனிஞ்சா கூடுதா, நிமுந்தா கூடுதா?”

“நிமிர்ந்தா.”

“அப்ப குனிஞ்சே கெடந்த உடம்பு. உப்பு வாருனவங்களுக்கு இந்த எடத்துலதான் பிடிக்கும். நேத்து ஒனக்கு எதுக்க ஒக்காந்த ஆளு என்ன வேல?”

“பேங்க் மேனேஜர்க்கா.”

“அவரு அம்மா என்ன வேலைன்னு கேளு.”

ஹரிணி கேட்டாள். அந்த மேனேஜரின் அம்மா முப்பது வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தவள் என்பது தெரிந்தது. நாலு வயது வரை அவள் முதுகில் தொங்கியபடியே பிள்ளை வளர்ந்திருக்கிறது. இப்படி நாலைந்து நடந்த பிறகு துறை முழுக்க மாரிக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. பாடப் புத்தகத்தில் எட்டு வகை வலிதான் போட்டிருந்தது. மாரிக்கு நாற்பது வகை தெரியும். பதினான்கு வயதிலிருந்து முப்பத்து மூன்று வயது வரை கடற்சுவருக்குக் கல் சுமந்தவள் அவள். இப்போது நாற்பத்து மூன்று.

தூத்துக்குடிக்குள் கடல் வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. மிச்சமிருக்கிற ஊரைச் சுற்றிச் சுவர் நிற்கிறது. சுவர் நிற்க வேண்டுமானால் தினமும் யாராவது கல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இயந்திரங்களை உப்பு தின்றுவிடும். மனிதர்களை அவ்வளவு சீக்கிரம் தின்பதில்லை. அதனால் அந்த வேலை மனிதர்களிடமே தங்கிவிட்டது.

மனசுக்கு முடியாமல் போனால் தெருவுக்குத் தெரு கேட்புப்பொறி இருந்தது. சனங்கள் அதைக் ‘காது’ என்பார்கள். போய் உட்கார்ந்து பேசினால் போதும். அது கொட்டாவி விடாது, கோபப்படாது, அடுத்த வீட்டில் போய்ச் சொல்லாது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அதுவே பற்றும். பற்றாத பத்துப் பேர்தான் பல்கலைக்கழகத்தின் ஆழ்மன உளவியல் துறைக்கு வருவார்கள். வார்த்தையாகவே ஆகாத துக்கம் அவர்களுடையது. உடம்பில் எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும். காதுக்கு உடம்பு கிடையாது; அதனால் அது அகப்படாது.

அந்த மாதிரி ஆளுக்கு எதிரே ஒரு மாணவர் உட்காருவார். இருவர் மணிக்கட்டிலும் ஏற்புப்பட்டை. மாணவர்கள் வழக்கில் வெறும் பெல்ட். எதிரே இருப்பவர் உடம்பு தருவதை அது இந்த உடம்புக்குக் கடத்தும். தருவதைத்தான் கடத்தும். உடம்பு இறுக்கிப் பிடித்துக்கொண்டால் பிடுங்கி எடுக்க அதனால் முடியாது. இது முதலாண்டுப் பாடம். இன்னொரு பாடமும் உண்டு. பட்டம் வாங்குவதற்குள் ஒவ்வொரு மாணவரும் நூறு மணி நேரம் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டை கட்டிக்கொண்டு, தன் கதையைச் சொல்லியாக வேண்டும். அதற்குச் சொந்த நாற்காலி என்று பெயர். தன் மூட்டை எது என்று தெரியாதவர் அடுத்தவர் மூட்டையைத் தூக்கக் கூடாது என்பதுதான் காரணம். மாரிக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. எனக்கு என்ன இருக்கிறது சொல்ல என்று நினைத்தாள்.

ராயப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவரும் சுவர்க்காரர்தான், வடக்குச் சுவரில் கயிறு பிடித்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அலை அடித்துச் சாரம் சாய்ந்தபோது, கீழே தொங்கிக்கொண்டிருந்த சூசை என்பவரின் கயிறு ராயப்பன் வலது கையில் இருந்தது. முப்பது வருடக் கூட்டாளி சூசை. பதினோரு நிமிடம் பிடித்திருக்கிறார். சாரத்தில் இன்னும் நாலு பேர். சாய்மானம் கூடக்கூட மேஸ்திரி “விடு, விடு” என்று கத்தினார். ராயப்பன் விட்டார். நாலு பேர் பிழைத்தார்கள். நிர்வாகம் பாராட்டிப் பத்திரம் கொடுத்தது. மூன்றாம் நாளிலிருந்து அந்தக் கை மூடவில்லை. விரல்கள் விரிந்தபடியே நின்றன. நரம்பில் கோளாறு இல்லை என்றார்கள் மருத்துவர்கள்.

சுவர்க்காரர் சட்டப்படி அவருக்கு இருபது வாரம் தரப்பட்டிருந்தது. அதற்குள் கை மூடாவிட்டால் நினைவுத்தூர்ப்பு. பாழுங்கிணற்றைத் தூர்ப்பது போலத்தான். கையை முடக்கிய நினைவு எதுவோ அது இருக்கிற குழியை அப்படியே மூடிவிடுவார்கள். மறுநாள் கை வேலை செய்யும். ஆனால் அந்தக் குழிக்குள் சூசையும் இருந்தார். முப்பது வருடமும் சேர்ந்து போகும்.

“எனக்குக் கை வராட்டாலும் போகுது தாயி,” என்று முதல் வாரமே சொல்லியிருந்தார். “அவனைத் தூர்த்துப்புடாதீங்க. அவனுக்கு ஒடம்பும் கெடைக்கல, கல்லறையும் இல்ல. என் மண்டையிலதான் இருக்கான்.”

அன்று காலை பத்து மணிக்கு மேற்பார்வை. மேற்பார்வையாளர் நிலோஃபர், காயல்பட்டினத்துப் பெண். மாரியைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். மேசைமேல் இரண்டு காகிதக் கட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் பிரித்து வைத்திருந்தாள். தூர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற குழுவுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைக்காக ராத்திரியே எடுத்து வைத்ததாம்.

“மாரிக்கா, ஒன்பதாம் வாரக் குறிப்பைப் படிங்க.”

“இடது தோள். சுமை வலி. பத்துக்கு ஆறு.”

“இப்ப இதைப் படிங்க.” வருகைப் பதிவேட்டை நகர்த்தினாள்.

ஒன்பதாம் வாரத்துக்கு நேரே எழுதியிருந்தது: ‘அலைச் சங்கு ஊதியது. ரயில் ஓடவில்லை. நோயாளி வரவில்லை.’

மாரிக்குக் காது இரண்டும் சூடேறியது. அந்த நாள் நினைவுக்கு வந்தது. காலி நாற்காலி எதிரே ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். வந்தாலும் வராவிட்டாலும் மறுநாள் குறிப்பு எழுத வேண்டும் என்பதால் எழுதினாள். தேடினாள், வலி இருந்தது, எழுதினாள்.

“வராத மனுஷன்கிட்டேருந்து என்னத்தக்கா வாங்கிட்டு வந்தீங்க?”

மாரி பதிவேட்டை மூடினாள்.

“என் தப்பும் இருக்கு. உங்க குறிப்புன்னா நான் கேள்வியே கேக்கிறதில்ல. இப்ப சொல்லுங்க, இது யாரு தோளு?”

“என் தோளு வலிக்காது மேடம். அது பழகிப்போச்சு.”

“பழகினது வேற, வலிக்காதது வேற. அந்தத் தோள்ல என்ன இருந்துச்சு?”

“மூங்கிக் கம்பு. நடுவுல கல்லு தொங்கும். முன்னால ஒருத்தி, பின்னால ஒருத்தி.”

“முன்னால நீங்க. பின்னால?”

“தங்கச்சி. முப்பிடாதி.” சொன்னவுடன் மாரி எழுந்தாள். “நேரமாச்சு மேடம்.”

“ஆகல. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு.” நிலோஃபர் அவளையே பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “சரி. அதை நான் கேக்கக் கூடாது. அது செலின் டாக்டர் எதிர்ல உக்காந்து பேச வேண்டியது. சொந்த நாற்காலி எத்தனை மணி நேரம் முடிச்சிருக்கீங்க?”

“முப்பத்தொண்ணு.”

“என்ன பேசினீங்க?”

மாரி தரையைப் பார்த்தாள். “பரீட்ச. பஸ் நேரம். மெஸ் சாம்பார்.”

“முப்பத்தொரு மணி நேரம் சாம்பாரா!” நிலோஃபர் சிரித்துவிட்டாள். மாரிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அது பாதியிலேயே நின்றுபோனது.

“அப்ப ராயப்பன்கிட்டேருந்து என்னதான் வந்துச்சு மாரிக்கா?”

மாரி தோளைத் தள்ளி வைத்துவிட்டு மீதி உடம்பு முழுக்கத் தேடினாள். தலையிலிருந்து கால்வரை. நாற்பது வகை வலி தெரிந்தவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“ஒண்ணும் வரல மேடம். பதினாறு வாரமும் அவரு ஒண்ணுமே தரல.”

இன்னும் நாலு வாரம்தான் இருந்தது.

அடுத்த வாரம் ராயப்பன் சரியான நேரத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்தார். இடது கையாலேயே பட்டையை வலது மணிக்கட்டில் கட்டினார். அதற்குள் அது அவருக்குக் கைவந்துவிட்டிருந்தது.

“என்ன தாயி, மொகம் செத்துக் கெடக்கு? மெஸ்ல இன்னைக்கும் சாம்பாரா?”

துறையில் கற்றுக்கொடுத்தபடி பார்த்தால் மாரி அந்தக் கேள்வியை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அவள் இருக்கவில்லை.

“அண்ணாச்சி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். பதினாறு வாரமா என் தோள் வலிய ஒங்க வலின்னு எழுதிட்டு வந்திருக்கேன்.”

ராயப்பன் அவளைப் பார்த்தார். வாய் கோணி, தோள் குலுங்கி, அப்புறம் சத்தமாகவே சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“எடது தோளுதான?”

மாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மொத நாளே தெரியும். நீ வாசல்ல நின்ன பாரு, எடது தோளு ஒரு வெரக்கட எறங்கி நின்னுச்சு. கம்பு தூக்குன தோளு அப்படித்தான் நிக்கும். தெக்குச் சொவரா?”

“தெக்குச் சொவர்தான்.”

“நெனச்சேன்.” பட்டையை விரலால் நிமிண்டினார். “இது என்ன செய்யும்னு மொத நாள் ஒங்க மேடம் வெளக்கமாச் சொன்னாங்க. என்கிட்ட இருக்கது ஒனக்கு வரும், ரெண்டு நாளு நீ சொமப்பன்னு. ஏ தாயி, நான் எப்படிக் குடுப்பேன்? ஏற்கெனவே சொமந்தவ மேல எப்படி ஏத்துவேன்? நீயும் ஏத்துன்னு ஒரு வார்த்த சொல்லல.”

சுவரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, காலை ஊன்றி, மூச்சை இழுத்து, சுமக்கிறவர் தன் வாயால் “ஏத்து” என்று சொல்ல வேண்டும். சொல்லும் வரை மேஸ்திரியே வந்தாலும் கல்லைத் தலையில் வைக்க மாட்டார்கள். சொல்லாமல் ஏற்றினால் கழுத்து போய்விடும். பதினான்கு வயதில் மாரி கற்ற முதல் பாடம் அது. ஐந்து வருடப் படிப்பில் அது எங்கே போனது என்று அவளுக்கு விளங்கவில்லை.

எதிரே இருக்கிற மனிதரின் கூட்டாளியைத் தூர்க்க நாள் குறித்திருக்கிறார்கள். கொடுத்தால் தப்பிக்கலாம். கொடுப்பதற்கென்றே ஒருத்தியை எதிரே உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த மனிதர் அவள் தோளைப் பார்த்துவிட்டு, பதினாறு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கல்லைத் தானே வைத்திருந்திருக்கிறார். பேச்சு மட்டும் கொடுத்தார், அவள் பரீட்சைக்குக் குறையக் கூடாதே என்று. இப்படி ஒரு மரியாதையை அவளுக்கு இதுவரை யாரும் செய்ததில்லை.

மாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றினாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“ஏத்துங்க அண்ணாச்சி.”

“தாங்குவியா?”

“தெக்குச் சொவர்க்காரிகிட்டக் கேக்குற கேள்வியா அது? ஏத்துங்க.”

அவர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வெளியே ரயில் போகிற சத்தம் கேட்டது. பிறகு மாரியின் வலது உள்ளங்கையில் ஒரு கோடு எரிந்தது. கயிறு அறுக்கிற கோடு. விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது போல மரத்தன. முழங்கை, அக்குள், பல் எல்லாம் அந்தக் கயிற்றில் மாட்டித் தொங்கின. அது ஏறிக்கொண்டே போனது. இதற்கு மேல் முடியாது என்கிற இடத்துக்கு வந்தது. வந்து, விட்டது.

விட்டதும் வந்ததைத்தான் மாரி எதிர்பார்க்கவில்லை. ரத்தம் குளுகுளுவென்று விரல் நுனிக்கு ஓடியது. எரிச்சல் தணிந்தது. தோள் தளர்ந்தது. நூறு படி ஏறி வந்து கல்லை இறக்கி வைத்தவுடன் உடம்பு முழுக்க ஓடுமே, அந்தச் சுகம். கல் சுமக்காதவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. சுகமான வீட்டில் வளர்ந்த பிள்ளை யாராவது எதிரே உட்கார்ந்திருந்தால் அதை ‘மரத்துப்போதல்’ என்று எழுதியிருக்கும். மாரிக்கு அது ஆயிரம் தடவை வந்த சுகம்.

“அண்ணாச்சி,” என்றாள். “சொமைய எறக்கி வச்ச மாதிரி இருக்கு.”

ராயப்பன் கண்ணைத் திறக்கவில்லை.

“சொகமா இருந்துச்சு. இல்லையா?”

“சொல்லாத.”

“இருந்துச்சு.”

“சொல்லாதன்னு சொல்லுதேம்லா!” நாற்காலியோடு சேர்த்து அவர் அதிர்ந்தார். பிறகு குரல் உள்ளே போய்விட்டது. “ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான் தாயி. அவன் தண்ணிக்குள்ள போறான், என்னயப் பாத்துக்கிட்டே போறான். எனக்கு… எனக்குக் கை சொகமா இருக்கு. பெத்த பிள்ளையத் தூக்குன மாதிரி அப்படி ஒரு சொகம். விட்டது தப்பில்லன்னு எல்லாரும் சொல்லுதாங்க. விட்டதுக்கா நான் அழுதேன்? இந்தக் கைக்கு எப்படி மனசு வந்துச்சு?”

மாரி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். வலது கையில் அந்தச் சுகம் இன்னும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இரண்டு வருடம் சோறு தின்றிருக்கிறார், தூங்கப் பார்த்திருக்கிறார்.

“கைக்குச் சூசைய அடையாளம் தெரியாது அண்ணாச்சி. அதுக்குக் கனம் மட்டுந்தான் தெரியும். எனக்கும் இப்ப அப்படித்தான் இருக்கு. நான் சூசையப் பாத்ததே இல்ல.”

அவர் அழுதார். சுவர்க்காரர்கள் அழுகிற மாதிரி, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. ஐம்பது நிமிடம் முடிந்ததற்கான மணி அடித்தது. எழுந்து நிற்கிற நேரத்தில் அவருடைய வலது சுண்டுவிரல் நாற்காலியின் கைப்பிடியை வளைத்துப் பிடித்திருந்ததை மாரி பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. அவள் சொல்லவுமில்லை, அவரே பார்க்கட்டும் என்று விட்டாள்.

பதினெட்டாம் வாரம் மோதிர விரலும் வந்தது. இருபதாம் வாரம் குழுவின் முன்னால் ராயப்பன் ஒரு பித்தளைத் தம்ளரை வலது கையால் எடுத்து, பாதித் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, மீதியைக் குடித்தார். தூர்ப்பு உத்தரவு கிழிக்கப்பட்டது. கட்டைவிரல் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. இனி அவருக்குக் கயிற்று வேலை கிடையாது, சங்கு ஊதுகிற கூண்டில் வேலை. அங்கே போகிற வருகிறவர்களிடமெல்லாம் சூசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

ராயப்பனிடமிருந்து வந்த எச்சம் மூன்றாம் நாளே மாரியின் கையிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. தோள் வலி இறங்கவில்லை.

குழு கூடிய மறுநாள் மாலை நாலு மணிக்கு அவள் செலின் டாக்டரின் அறைக்குப் போனாள். முப்பத்திரண்டாம் மணி நேரம்; நடுவில் நாலு வாரம் போகாமல் தட்டிக் கழித்திருந்தாள். செலின் அதிகம் பேசாதவர், அடிக்கடி செருமுகிறவர். இருவரும் பட்டை கட்டிக்கொண்டார்கள். வழக்கம்போல மெஸ்ஸில் ஆரம்பிக்க வாய் வந்தது. மாரி அதை விழுங்கினாள்.

“டாக்டர், ஒண்ணு கேக்கணும். முப்பத்தொரு வாரமா என்கிட்டேருந்து ஒங்களுக்கு ஏதாவது வந்துச்சா?”

செலின் தன் இடது தோளைக் கையால் பிடித்துக்கொண்டார். “ஒவ்வொரு வாரமும் ரெண்டு நாள் இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியாது மாரி. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

முப்பத்தொரு வாரம். பரீட்சை, பஸ், சாம்பார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தோளையும் சுமந்துகொண்டு, ஒரு வார்த்தை அவசரப்படுத்தாமல் ஒரு மனுஷி உட்கார்ந்திருந்திருக்கிறாள். இந்தப் படிப்பு எவ்வளவு பெரிய படிப்பு என்று மாரிக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

“ஏத்தலாமா டாக்டர்?” என்று கேட்டாள்.

சுவர் வழக்கம் செலினுக்குத் தெரியாது. ஆனாலும் காலை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏத்துங்க.”

“எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. முப்பிடாதின்னு பேரு. கம்புல எனக்குப் பின்னால தூக்குவா. அவளுக்கும் படிக்க ஆச. ஒரே நேரத்துல ரெண்டு பேரும் சொவர விட்டு வர முடியாது. அதனால ஒரு பேச்சுப் பேசிக்கிட்டோம். ரெண்டு வருசம் நான் படிக்கது, என் பங்குக் கல்லையும் சேத்து அவ தூக்குறது. பெறவு அவ படிக்கது, அவ பங்க நான் தூக்குறது.” மாரி தோளைத் தொட்டுக்கொண்டாள். “அவ தூக்குனா டாக்டர். ஒரு நாள் கொறையாம தூக்குனா. நான் பாஸாயிட்டேன். பாஸானவ திரும்பிப் போகல. பட்டப்படிப்புன்னேன், மேற்படிப்புன்னேன். பத்து வருசமாச்சு. அவ இன்னும் தெக்குச் சொவர்லதான் நிக்கா.”

செலின் கையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

“முப்பிடாதிக்கு நான் ரெண்டு வருசம் கடன் பட்டிருக்கேன்,” என்றாள் மாரி. “இன்னும் குடுக்கல.”